குந்தாரப்பள்ளி மாடியில் ‘குரங்கு முக’ ஆர்க்கிட் வளருமா?

செல்போனில் அந்தப் படத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். அசல் குரங்கு முகம் போலவே ஒரு பூ. படம் பொய்யில்லை, ‘டிராகுலா சிமியா’ என்ற ஆர்க்கிட் அது. ஆனால், அதன் விதை என்று ஆன்லைனில் விற்கும் பாக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். ஆர்க்கிட் விதை தூசு மாதிரி இருக்கும். முளைப்பதற்கான சத்து அதற்குள் கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை ஊட்ட வேண்டும், இல்லையென்றால் ஆய்வகக் குடுவை வேண்டும். தொட்டி மண்ணில் தூவினால் காசு போனதுதான்!

சரி, செடியாகவே கிடைத்தால்?

இதன் சொந்த ஊர் ஈக்வடார் நாட்டு மலைச்சரிவு. எந்நேரமும் மேகம் தவழும் காடு. இதன் உறவுக்காரச் செடியான மாஸ்டிவாலியாவும் ஆண்டிஸ் மலைவாசிதான். பகலில் 24 டிகிரியைத் தாண்டாமல், இரவில் 10 முதல் 14 டிகிரி வரை இறங்கினால் இவற்றுக்குக் கொண்டாட்டம்.

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் இருக்கும் குந்தாரப்பள்ளியில் மே மாதப் பகல் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. நிழல் வலை கட்டி அதைக்கூட ஓரளவு சமாளிக்கலாம். நிஜ வில்லன் ராத்திரிதான். பகலில் தயாரித்த சர்க்கரையை இரவில் செடி செலவழிக்கும். இரவு புழுங்கினால் செலவு எகிறும். சேமித்து வைக்க இவற்றுக்குக் கிழங்கு போன்ற தண்டும் இல்லை. சில வாரங்களில் இலை கறுத்து உதிரும். ‘ஓசூர் பக்கம் குளுகுளுதானே’ என்பவர்களுக்கு... ஓசூரின் கோடை இரவும் இவற்றுக்குச் சூடுதான்.

பிடிவாதக்காரர்கள் கண்ணாடிக் கதவு வைத்த சின்ன ஃப்ரிட்ஜுக்குள் எல்.இ.டி. விளக்கும் கம்ப்யூட்டர் ஃபேனும் பொருத்தி வளர்க்கிறார்கள். காற்று அசையாவிட்டால் வேர் அழுகும். டிராகுலாவின் பூத்தண்டு கீழ்நோக்கியும் இறங்கும் என்பதால், அடிப்பக்கம் திறந்த கூடையில் தொங்கவிட வேண்டும். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் ஆகவே ஆகாது. மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர்தான். கரண்ட் பில்லையும் பவர் கட்டையும் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

வாரச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து ஆடு வாங்கும் ஊர் இது. செடிக்கும் அதன் பூர்வீகத்தைக் கேட்டு வாங்கலாமே? டென்ட்ரோபியம், வாண்டா போன்றவற்றில் வெப்பம் தாங்கும் ரகங்கள் நர்சரிகளில் கிடைக்கின்றன. கரித்துண்டு, தேங்காய் மட்டை, அரை நிழல், காலையில் தண்ணீர் போதும்.

மலை ஆர்க்கிட்களைப் பார்க்க ஆசையா? ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. போன இடத்தில் காட்டு மரத்திலிருந்து பிய்த்துவர மட்டும் கூடாது. சட்டப்படி அது குற்றம். கொண்டு வந்தாலும் நம் ஊர் கோடையைத் தாண்டுவது கஷ்டம்.