களை எடுக்கப் போய் உயிரை எடுப்பதா?

"ஒரு டேங்க் அடிச்சா போதும் அண்ணாச்சி. ஒரே வாரத்துல தரை சுத்தம்!"

பூச்சிமருந்துக் கடைகளில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவரும் சந்தோஷமாக வாங்கிப் போகிறார். தரை சுத்தம் ஆகத்தான் செய்கிறது. கூடவே வேறு என்னென்ன சுத்தம் ஆகிறது என்பதுதான் கேள்வி.

மாப்பிள்ளையூரணி பக்கம் செடி வளர்த்து விற்பது லேசான தொழில் இல்லை. காற்றும் உப்பு, தண்ணீரும் உப்பு. செம்மண்ணும் தொழு உரமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதோடு களை விதை இலவசமாக வந்து இறங்குகிறது. கோரை, அருகு, சாரணை, பார்த்தீனியம்! ரோஜாவுக்கு ஊற்றுகிற தண்ணீரை முதலில் குடிப்பது இவைதான்.

ஆள் வைத்துப் பிடுங்கினால் கூலி கட்டவில்லை. அதனால் மருந்து. நர்சரிக்காரரை இதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த மருந்து என்று பார்க்க வேண்டாமா?

மாற்று மருந்தே இல்லை

பாராகுவாட் என்று ஒரு களைக்கொல்லி. அடித்த மறுநாளே இலை கருகும். அதனால் கிராக்கி. கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து. முறிக்க மருந்து உலகத்தில் எங்கேயும் கிடையாது. குடித்தவர் சில நாள் பேசிக்கொண்டுகூட இருப்பார். சிறுநீரகம் கெடும். பிறகு நுரையீரல் இறுகி மூச்சு முட்டும். தெரியாமல் குடித்துவிட்டால் கை வைத்தியம் பார்க்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவது ஒன்றுதான் வழி.

இதைக் கலர் பாட்டிலில் ஊற்றிச் சட்டி அடுக்கியிருக்கும் மூலையில் வைக்கிறார்கள். தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு அது மருந்து என்று எப்படித் தெரியும்?

இவ்வளவுக்கும், கோரைக்கு முன்னால் இந்த மருந்து ஜெயிப்பதில்லை. இலைதான் கருகும். மண்ணுக்குள் கிழங்கு பத்திரமாக இருக்கும். மறுபடி முளைக்கும்.

கிளைபோசேட் வேர் வரை போகும். ஆனால் உப்பும் சுண்ணாம்பும் உள்ள கடினத் தண்ணீரில் கலந்தால் வேகம் குறையும். "கேக்கலையே" என்று இரண்டு மடங்கு ஊற்றுகிறார்கள். தப்பு தண்ணீரில், தண்டனை மண்ணுக்கு! பூச்சி ஒழிப்புத் தொழில் செய்பவர்கள் மட்டுமே இதை அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவு போட்டது.

கடல் காற்று எழும்பிய பிறகு அடித்தால் இன்னொரு வம்பு. களைக்கு அடித்தது பக்கத்துக் குரோட்டன்ஸ் மேல் விழும். அடிக்கிற ஆளின் மூக்கிலும் ஏறும்.

உப்பைக் கொட்டலாமா?

உப்பு மலிவான ஊர். அதனால் கல் உப்பைக் கொட்டுகிற யோசனையும் சிலருக்கு வருகிறது. களை சாகும், உண்மைதான். அடுத்து வைக்கிற செடியும் சாகும். உப்பளக் கரையில் உமரியைத் தவிர என்ன வளர்கிறது என்று தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

இங்கே தாராளமாகக் கிடைப்பது வெயில். தொட்டிக்குப் போடுகிற மண்ணை ஈரமாக்கிப் பரப்பி, கண்ணாடி மாதிரி தெரிகிற பாலிதீன் தாளால் ஓரம் விடாமல் மூடி, கோடையில் நாலு முதல் ஆறு வாரம் விட்டால் பெரும்பாலான களை விதை வெந்துபோகும். வெயிலுக்குப் பில் கிடையாது!

பைகள் அடுக்கும் தரைக்கு நெய்த களைத் தடுப்பு விரிப்பு நல்லது. சாதா பிளாஸ்டிக் தாளைக் கோரை குத்திக்கொண்டு வந்துவிடும். முளைத்த கோரையை இழுத்தால் கிழங்கு உள்ளேயே அறுந்து நிற்கும். தண்ணீர் விட்டு, களைக்கொத்தியால் கிழங்கோடு தோண்ட வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். வெறுங்கையில் பிடுங்கிய அக்காக்கள் அரிப்போடும் இளைப்போடும் திண்டாடுவது பல ஊரில் நடக்கிறது.

அரசு என்ன செய்கிறது?

கேரளம் பாராகுவாட்டை 2011லேயே நிறுத்தியது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 2008ல் தொடங்கிப் படிப்படியாக ஒழித்தார்கள். அதனால் அங்கே விளைச்சல் படுத்துவிடவில்லை. தமிழ்நாட்டில் 2023 தொடக்கத்தில் 6 பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை வந்தது. அந்தப் பட்டியலில் பாராகுவாட் இல்லை! 1968ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில அரசு 60 நாளும், மேற்கொண்டு 30 நாளும்தான் தடுக்க முடியும். நிரந்தரத் தடை டெல்லி கையில் இருக்கிறது. தமிழகம் அதை அடித்துக் கேட்க வேண்டும்.

அதுவரை வேளாண்மைத் துறை அதிகாரிகள் கடைகளுக்குள் போய், சில்லறையாக ஊற்றி விற்பதை நிறுத்தலாம். காலி பாட்டில்களையும் கவனிக்கலாம். மூன்று தடவை கழுவி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே விட்டு, பாட்டிலை ஓட்டை போட்டுவிட வேண்டும். இப்போது அவை பழைய சாமான் கடைக்குப் போகின்றன. சில வீடுகளில் மண்ணெண்ணெய் பிடிக்கவும் நிற்கின்றன.