27 கேள்விகளும் 41 படிகளும்

பட்ட மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. பரீட்சையைச் சுருக்கிவிடுவதென்று அதை நடத்தும் ஸ்தாபனத்தார் 2023 மே மாதக் கடைசியில் வெளியிட்ட தீர்மானத்தைப் பற்றி நடந்த பேச்சைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்கும். 3 மணி 45 நிமிஷம் நாற்காலியில் கட்டுண்டு கிடந்த மாணவன், அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் தேதி முதல் 1 மணி 58 நிமிஷத்தில் எழுந்து போகலாம் என்ற சௌகரியத்தையும், மதிப்பெண்கள் 8 முதல் 10 நாட்களுக்குள் கைக்கு வந்துவிடும் என்ற சௌகரியத்தையும் தவிர, இந்த ஏற்பாட்டின் ஆதரவாளர்கள் நம் முன் வைத்திருக்கும் நியாயம் வேறொன்றும் இல்லை. சௌகரியம் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் பரீட்சை என்பது சௌகரியத்துக்காக ஏற்பட்டதன்று. ஒருவனுடைய அறிவை அளந்து சொல்வதற்காக ஏற்பட்டது. அளவுகோலைப் பாதியாக வெட்டிவிட்டு, அளவு மட்டும் பழையபடியே துல்லியமாக இருக்கிறது என்று சத்தியம் செய்பவரைக் கண்டால் ஜவுளிக்கடைக்குப் போகிற பாமரனுக்குக்கூடச் சந்தேகம் பிறக்கும்.

நல்லதை நல்லதென்று சொல்லிவிடுவோம். எது என்று தெரியாமலே மாணவர்கள் வியர்வை சிந்தி எழுதிக்கொண்டிருந்த மதிப்பெண் இல்லாத பகுதி ஒன்று ஒழிந்தது. காசும் கொடுத்து வேலையும் செய்துகொடுக்கும் விசித்திரம் அதோடு தீர்ந்தது. இரண்டு கட்டுரைகளில் ஒன்று போயிற்று. அதற்காக அழுவார் எவரும் இல்லை. நம்முடைய வழக்கெல்லாம் கணிதப் பகுதியைப் பற்றியதே.

அந்தப் பகுதியில் அதுவரை 40 கேள்விகள், அவற்றுக்கு 70 நிமிஷம். அதன்பின் 27 கேள்விகள், 47 நிமிஷம். ஸ்தாபனத்தார் போட்டுக் காட்டாத ஒரு கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். முன்பு ஒரு கேள்விக்கு 105 விநாடி கிடைத்தது. இப்போது கிடைப்பது 104 விநாடியும் சில்லறையும். மாணவனுடைய அவசரத்தில் ஓர் அணுவும் குறையவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. மூச்சுவிட நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துகொண்டிருக்கும் பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து ஒருமுறை பார்க்க வேண்டும். ஓட்டத்தின் வேகம் அப்படியே இருக்க, தூரத்தை மட்டும் குறைத்திருக்கிறார்கள். தூரம் குறையும்போது தடுக்கி விழுந்தவன் எழுந்து ஓடி மற்றவர்களைப் பிடிப்பதற்கான இடமும் குறைந்துவிடுகிறதல்லவா? நம் மனஸ்தாபத்தின் மூலம் அதுதான்.

தடுக்கி விழுவது எப்படி என்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கே இது புரியும். பூஜ்யமல்லாத ஓர் எண். இடப்புறத்தில் அதன் வர்க்கம், வலப்புறத்தில் அதன் கனம். எது பெரிது என்று கேள்வி. நான்கு விடைகள்: இடது பெரிது, வலது பெரிது, இரண்டும் சமம், கொடுத்த விவரங்களைக் கொண்டு சொல்ல இயலாது. பையன் 2 என்று வைத்துப் பார்க்கிறான். நான்கும் எட்டும் வருகின்றன. 3 என்று வைக்கிறான்; ஒன்பதும் இருபத்தேழும். வலதே பெரிது என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறான். இரண்டு கேள்வி தாண்டிய பிறகு ஏதோ உறுத்துகிறது, திரும்பி வருகிறான். 1 என்று வைத்தால் சமமாகிவிடுகிறதே! அரை என்று வைத்தால் கால் இடப்புறத்திலும் அரைக்கால் வலப்புறத்திலும் நின்று, முடிவே தலைகீழாகிறதே! குறை எண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். திரையின் மூலையில் கடிகாரம் 40 விநாடி என்று காட்டும்போது நான்காம் விடைக்கு மாற்றுகிறான். மாற்ற நேரமில்லாமல் போகிறவர்களும் உண்டு. அப்படிப் போனவன் கணிதம் தெரியாதவன் அல்லன். கல்லூரியில் நான்கு வருஷம் வகைநுண்கணிதம் படித்தவன், பின்னத்தை ஒரு கணம் மறந்தான், அவ்வளவுதான். நாற்பது கேள்விகளில் அந்த ஒரு கண மறதி நாற்பதில் ஒரு பங்கு. இப்போது அது இருபத்தேழில் ஒரு பங்கு.

அதோடு முடிந்ததா? முதற் பகுதியில் ஒருவன் எவ்வளவு சரியாக விடையளிக்கிறான் என்பதைக் கொண்டே இரண்டாம் பகுதியின் கடினத்தைக் கணினி தீர்மானிக்கும் என்பது வாசகர்கள் அறிந்ததே. முன்பு அந்தத் தீர்ப்பைச் சொல்வதற்கு 20 கேள்விகள் சாட்சி நின்றன. இப்போது 12 கேள்விகளே சாட்சி. பன்னிரண்டில் இரண்டு சறுக்கல் நேர்ந்தால், உயர்ந்த மதிப்பெண்ணுக்கு வழிவிடும் கடினமான இரண்டாம் பகுதியின் கதவு ஒருவேளை சாத்தப்பட்டுவிடலாம். பின்னால் வரும் 15 கேள்விகளையும் அவன் பிழையின்றிப் போட்டாலும் முழுப் பயன் கிட்டாது. இருபத்தோராவது நிமிஷத்தில் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது என்பதை அறியாமலே அவன் எஞ்சிய நேரமெல்லாம் உழைத்துக்கொண்டிருப்பான்.

இதற்கெல்லாம் மேலாக, தர அளவை அவர்கள் தொடவே இல்லை. 130 முதல் 170 வரை, ஒவ்வொன்றாக, 41 படிகள். 27 கேள்விகளில் எத்தனை சரி என்று கேட்டால் பூஜ்யம் முதல் 27 வரை 28 பதில்களே உண்டு. இருபத்தெட்டை நாற்பத்தொன்றாக நீட்டும் வித்தைக்குக் கடினத்தின் ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்று சமாதானம் சொல்வார்கள். சொல்லட்டும். கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விண்ணப்பிக்கும் பொறியியல் பட்டதாரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது அந்த ஏணியின் உச்சிப் படிகளில்தான். கம்ப்யூட்டர் சயன்ஸ் துறைகளுக்கு விண்ணப்பிக்கும் கூட்டத்தில் 170க்கும் 166க்கும் இடையில் இருப்பது பல சமயங்களில் ஒருவனுடைய திறமையன்று, அவன் மறந்துபோன ஒரு பின்னம். கேள்விகள் குறையக் குறைய அந்த உச்சிப் படிகள் ஒவ்வொன்றும் செங்குத்தாகின்றன. இது கணிதப் பரீட்சை நடத்துகிறவர்களுக்கே புரியாத கணிதமா?

புரியாததன்று என்பதற்கு அவர்களுடைய பழைய நடவடிக்கைகளே அத்தாட்சி. 2011 ஆகஸ்டில் 200 முதல் 800 வரை இருந்த அளவை ஒழித்து இந்த 130–170 அளவைக் கொண்டுவந்தபோது, சிறிய வித்தியாசங்கள் பெரிதாகத் தோன்றிவிடக் கூடாது என்பதைத்தானே காரணமாகச் சொன்னார்கள்? அதுவரை 45 நிமிஷத்தில் 28 கேள்விகளாக இருந்த கணிதத்தை 70 நிமிஷத்தில் 40 கேள்விகளாக வளர்த்ததும் அப்போதுதான். கூடவே திரையில் ஒரு கணக்கு யந்திரத்தையும் கொடுத்தார்கள். எட்டு இலக்கத்துக்கு மேல் போனால் அது கைவிரித்துவிடும் என்பது வேறு கதை. பன்னிரண்டு வருஷம் கழித்து 47 நிமிஷம், 27 கேள்விகள் என்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் சூட்டுகிறார்கள். அன்று வளர்த்தது சரியென்றால் இன்று குறைப்பது தவறு; இன்று குறைப்பது சரியென்றால் பன்னிரண்டு வருஷம் மாணவர்களை வதைத்தது எதற்காக?

இன்னும் பின்னே போனால் இன்னும் அழகு. முதலில் 2006 என்றும் பிறகு 2007 செப்டம்பர் என்றும் தேதி குறித்து, ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு நீண்ட ஒரு புதிய பரீட்சையைப் பறைசாற்றி, ஆசிரியர்களையும் மாணவர்களையும் அதற்காக அலையவிட்டு, அந்த 2007 ஏப்ரலில் அதை அடியோடு கைவிட்டார்கள். எழுத விரும்பும் எல்லாருக்கும் போதிய பரீட்சை நிலையங்கள் கிடைக்கும் என்று உறுதி கூற முடியவில்லையாம்! கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு மண்டபம் பார்க்கப் புறப்பட்ட கதை இது. 2002இல் கேள்விகள் இணையத்தில் உலவுகின்றன என்று கண்டு, சீனா, தைவான், தென் கொரியா ஆகிய இடங்களில் கணினியைக் கைவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பினார்கள். அதற்கும் முன்னால், 1994 டிசம்பரில், ஒரு பயிற்சி நிறுவனத்தார் தம் ஆட்களைப் பரீட்சைக்கு அனுப்பி, அவர்கள் மனத்தில் பதித்துக்கொண்டு வந்த கேள்விகளைக் கொண்டே கணினிப் பரீட்சையின் ஓட்டையைச் சுட்டிக்காட்டியபோது, ஸ்தாபனத்தார் அந்தப் பரீட்சையைச் சில நாள் நிறுத்திவைத்தார்கள். ஓட்டையைக் காட்டியவர்கள்மேல் வழக்கும் தொடுத்தார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸுக்கென்றே இருந்த தனிப் பாடப் பரீட்சையை 2013இல் மூடியவர்களும் இவர்களே. அது இருந்திருந்தால் நம் பையன்கள் பின்னத்தில் சறுக்கியதற்கு வேறோரிடத்தில் பரிகாரம் தேடியிருப்பார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு பல சர்வகலாசாலைகள் இந்தப் பரீட்சை வேண்டாம் என்றோ, விரும்பினால் எழுதலாம் என்றோ சொல்லத் தொடங்கிவிட்டன. இந்தச் சுருக்கத்தின் ரிஷிமூலம் மாணவன்மேல் உள்ள கருணையன்று, வாடிக்கையாளர் குறைந்துபோன கவலையே என்று நாம் கருதினால் அது பிழையாகுமா? கருணைதான் என்றால் கட்டணத்தில் அது சிறிதேனும் கசிந்திருக்க வேண்டும். நேரம் ஏறக்குறையப் பாதியாயிற்று; கேள்வியில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று; உலகின் பெரும்பாலான இடங்களில் அப்போது வாங்கிய 220 டாலரில் ஒரு டாலரும் குறையவில்லை. சாப்பாட்டைக் குறைத்துவிட்டுச் சாப்பாட்டுச் சீட்டின் விலையை அப்படியே வைத்திருக்கும் ஹோட்டல்காரன், வயிறு இலேசாக இருந்தால் தேகத்துக்கு நல்லது என்று உபதேசமும் செய்தால் எப்படி இருக்கும்!

காலம் கடந்துவிடவில்லை. ஸ்தாபனத்தார் பிடிவாதத்தைக் கைவிட்டு, கணிதப் பகுதியை மட்டுமாவது மறு ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டு, கல்வி நிபுணர்களையும் மாணவர்களையும் கலந்து, ஒரு கணப் பிழை ஒருவனுடைய எதிர்காலத்தைத் தின்றுவிடாதபடி தக்கதோர் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். சர்வகலாசாலைகளும் இந்த மதிப்பெண்ணுக்குத் தாம் கொடுக்கும் கௌரவத்தைச் சற்றே சிந்தித்துப் பார்ப்பது நலம்.

மதிப்பெண்கள் ஐந்து வருஷம் செல்லுபடியாகும். ஆகவே 2023 செப்டம்பர் 21ஆம் தேதி 40 கேள்விகளுக்கு விடையளித்தவனும், மறுநாள் 27 கேள்விகளுக்கு விடையளித்தவனும், அதே 41 படிகளில் வாங்கிய எண்களோடு, 2028 வரை அதே மேஜையின் முன் வரிசையில் நிற்பார்கள்.