அம்பத்தூர்காரருக்கு எந்த ஊரு கலெக்டர்?

அம்பத்தூர்: சி.டி.எச். ரோட்டுல அம்பத்தூர் தாண்டி ஆவடிக்கு பஸ்ல போனா மாவட்டமே மாறிடும். பலருக்கு இது தெரியாது.

1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்தை பிரித்து திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அதில்தான் இருந்தன. 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனாலும் கலெக்டர் மாறவில்லை. வீட்டு வரி சென்னைக்கு, மனு திருவள்ளூருக்கு! 2018-ல் சென்னை மாவட்டத்தை 178 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆக பெரிதாக்கிய பிறகுதான் அந்த கூத்து முடிந்தது.

முடிந்தது என்று பார்த்தால், 2022-ல் ஆவடி போலீஸ் கமிஷனரேட் வந்தது. அம்பத்தூர் போலீஸ் நிலையம் அதன்கீழ் போய்விட்டது. எம்.பி. தொகுதியோ ஸ்ரீபெரும்புதூர். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர் எந்த குறைக்கு எங்கே போவார்?

ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆகிவிட்டது. கலெக்டர் மட்டும் இன்னும் திருவள்ளூரில்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஆவடிக்காரர் மின்சார ரெயில் ஏறிவிடலாம். பூந்தமல்லியில் இருந்து திருவள்ளூருக்கு நேராக ரெயில் கிடையாது, பஸ்தான். பட்டா, வாரிசு சான்றிதழ் எல்லாம் தாலுகா ஆபீசிலேயே கிடைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. அங்கே இழுத்தடித்தால்தான் இந்த அலைச்சல். போய் மனு கொடுத்துவிட்டு திரும்பினால் அன்றைய கூலி போச்சு.