மர்மராக் கடலடியின் எச்சரிக்கை

1999ம் வருஷம் ஆகஸ்டு 17ந் தேதி துருக்கியின் இஸ்மித் பிரதேசத்தில் நேர்ந்த பூகம்பத்தில் 17,000க்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டனர். அன்று வடக்கு அனடோலியப் பிளவின் மேற்குப் பக்கத்தில் ஒரு பகுதி உடைந்தது. இஸ்தான்புல் நகருக்குத் தெற்கே மர்மராக் கடலடியில் செல்லும் பகுதி உடையவில்லை. 2001ம் வருஷம் பூகர்ப்ப சாஸ்திரிகள் கப்பலிலிருந்து அழுத்தக் காற்றை நீருக்குள் வெடிக்கச் செய்தனர். வண்டல் அடுக்குகளில் மோதித் திரும்பிய எதிரொலியைக் கொண்டு, சுமார் 1,250 மீட்டர் ஆழமுள்ள சினார்ஜிக் பள்ளத்தின் அடிப்பாகத்தையும் அதன் ஓரத்துப் பிளவையும் படமாக்கினர். அபாயம் இருக்குமிடம் இவ்வாறு தெரியவந்தது. அது நேரும் நாளை எந்தப் படமும் கூறாது. ஆதலின், நாளை எதிர்பார்த்திராமல் பலமற்ற கட்டிடங்களைச் செப்பனிடுவதே அதிகாரிகளின் முதற் கடமையென்பது நமது அபிப்பிராயம். அறிந்த அபாயத்தை அசட்டை செய்தவர்கள் பின்னர் விதியின் மேல் பழிபோடுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.