மல்லிகைக்கு எப்போது தண்ணீர்?

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ ஒரு குண்டு மல்லிச் செடி இருக்கிறதா? இருந்தால், அதற்குத் தண்ணீர் விடுகிற பொறுப்பு யாருடையது? அநேகமாக உங்களுடையதாகத்தான் இருக்கும். காலைக் காப்பி வேலை முடிந்ததும், கையோடு ஒரு சொம்பு தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வருவது பல வீடுகளில் வழக்கம். மழை பெய்தாலும் ஒரு சொம்பு. வெயில் கொளுத்தினாலும் ஒரு சொம்பு. "இவ்வளவு செய்தும் பூக்கவே மாட்டேன் என்கிறதே!" என்று மனம் சலித்துக் கொள்வதும் அதே வீடுகளில்தான்.

உங்கள் அன்பில் குறையில்லை, சகோதரி. கணக்கில்தான் குறை. கார்த்திகை மாதத்தில் அந்தச் சொம்பு செடிக்கு அதிகம். சித்திரை மாதத்தில் அதே சொம்பு போதவே போதாது!

வேர் தண்ணீரைக் குடிக்கிறது என்பது நமக்குத் தெரியும். வேர் மூச்சும் விடுகிறது என்பதைத்தான் மறந்து போகிறோம். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சிறு சிறு இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டும். ஓயாமல் தண்ணீர் தேங்கினால் அந்தக் காற்று போய்விடும். வேர் அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை மஞ்சளாகித் துவள்கிறது. பார்க்கிறவர்களோ, "ஐயோ, வாடுகிறதே!" என்று பதறி இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறார்கள். தாகத்தால் செத்த செடிகளைப் போலவே, இப்படி உபசாரத்தால் செத்த செடிகளும் உண்டு.

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள். புதுத் துளிர் மட்டும் வெளுத்து, இலை நரம்புகள் பச்சையாகவே இருந்தால் அது வேறு வியாதி. இரும்புச் சத்துக் குறைவு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இலைமேல் தெளித்தால் சரியாகும்.

சரி, எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர்? இது ஊருக்கு ஊர் மாறும். நாம் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். அந்த ஊரைக் குறிப்பாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அப்போது உங்கள் வேலை தண்ணீர் விடுவதல்ல, தண்ணீரை வெளியேற்றுவது. செடியைச் சுற்றி வெட்டிய பாத்தியின் கரையை ஒரு பக்கம் உடைத்துவிட்டு, தூரில் கொஞ்சம் மண் அணையுங்கள். தொட்டிச் செடியானால் அடியிலுள்ள துவாரம் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்து, தாழ்வாரத்தின் கீழே நகர்த்தி வையுங்கள்.

கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், மழை ஓய்ந்த ஒரு நாளாகப் பார்த்துச் செடியைக் கவாத்து செய்ய வேண்டும். தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு, மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் மல்லிகை புதுக் கிளையின் நுனியில் பூக்கிற ஜாதி. பழைய கிளையை வெட்டினால்தான் புதுக் கிளை, புதுக் கிளை வந்தால்தான் பூ. வெட்டுவதற்கு முன்னால் சில நாள் தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயப் போடுவது அனுபவசாலிகளின் வழக்கம். தாகம் கண்ட செடி வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுத்துக் கொள்ளும். முல்லையும் ஜாதிமல்லியும் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அவற்றுக்குக் கவாத்து ஜனவரி கடைசியில்தான்.

வெட்டிய பிறகு மக்கிய தொழுஉரம் இட்டு, ஒரு முறை நன்றாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். மார்கழியிலும் தை மாதத்திலும் பனி பெய்யும்; மண் சீக்கிரம் காயாது. வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒரு தடவை போதும். மாசியில் துளிர் ஓடத் தொடங்கியதும் வாரம் தவறாமல் விடுங்கள். பங்குனியில் மொட்டு தெரியும்.

சித்திரையும் வைகாசியும்தான் மல்லிகையின் கல்யாண மாதங்கள். அப்போது கஞ்சத்தனம் கூடாது. தரையில் உள்ள செடிக்கு வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு குடம். பாத்தி கட்டி நிதானமாக ஊற்றுங்கள். தினம் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் மட்டும் நனைந்து, மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வேரும் மேலேயே படர்ந்து வெயிலில் வெந்துபோகும். ஒரேயடியாக ஒரு குடம் ஊற்றினால் ஈரம் கீழே இறங்கும். அதைத் தேடி வேரும் இறங்கும். ஒரு வாரம் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அந்தச் செடி தாங்கும். தொட்டிச் செடிக்கு மட்டும், மண் கொஞ்சமாக இருப்பதால், கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். சருகையோ தேங்காய் நாரையோ தூரில் பரப்பிவைத்தால் ஈரம் நிற்கும்.

ஆனிக்குப் பிறகு பூ குறையும். ஆடி, ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை வந்து போகும். அந்த நாட்களில் வானத்தைப் பார்க்காதீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஒருநாள் மழை சத்தம் பெரிதாக இருக்கும். மண்ணில் அரை அங்குலம்கூட நனைந்திராது.

தண்ணீருக்கு எங்கே போவது என்கிறீர்களா? நியாயமான கேள்வி. 2019ஆம் வருஷத்துக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, பெண்கள் குடங்களோடு லாரிக்காகக் காத்து நின்றதை மறக்க முடியுமா? அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறி கழுவிய தண்ணீரையும் செடிக்குக் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைத் தினமும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அதில் உப்பு அதிகம். நாளடைவில் மண்மேல் வெள்ளையாகப் பூத்து, வேரைக் கெடுத்துவிடும்.

இப்போது உத்திரமேரூர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றொன்று 921. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறு பையனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்களாம். அப்படித் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஊரின் ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஆண்டு வாரியத்துக்கு எல்லாரையும் எடுத்துவிட மாட்டார்கள். கல்வியிலும் வயதிலும் பெரியவர்களாக, தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பே செய்தவர்களாகப் பார்த்து எடுப்பார்கள். முதலில் தோட்டத்தைப் பார்த்துக்கொள், ஏரியைப் பார்த்துக்கொள். பிறகு ஊரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு! எப்போது மடையைத் திறப்பது, எப்போது மூடுவது, இருக்கிற தண்ணீரை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்று தெரிந்த மனிதனுக்கு மற்றக் காரியங்களும் தெரியும் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

அந்த வாரியங்களில் பெண்களுக்கு இடம் இல்லை. நிலம் வேண்டும், வேதம் ஓதியிருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். ஏரியிலிருந்து குடம் சுமந்தவள் ஏரியைப் பற்றி வாய் திறக்க வழியில்லை. அந்த நிலைமை மாற ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்தது. இன்று எத்தனையோ ஊராட்சிகளில் ஏரியின் தூரும் குழாயின் நேரமும் பெண் தலைவிகளின் கவலை.

ஒரு குடம் தண்ணீரில் சமையலுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, செடிக்கு எவ்வளவு என்று தினமும் பங்கிடுகிற உங்களுக்கு இந்த வித்தை புதிதா என்ன? உங்கள் வீட்டு ஏரி வாரியம் நீங்கள்தான். ஆகையால் அடுத்த முறை உங்கள் தெருவிலோ ஊரிலோ தண்ணீரைப் பற்றிக் கூட்டம் போட்டால், அடுப்பங்கரை வேலையைச் சாக்காகச் சொல்லி இருந்துவிடாதீர்கள். போய் முன்வரிசையில் உட்காருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் காரியம். நாளைக் காலையில் சொம்பை எடுக்கும்போது, முதலில் விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.