வீட்டுக்குள் வந்த ஆலைவாசல்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சென்னை, பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகள் காலியாயின. வேலை நின்றதா? இல்லை, தோழர்களே! தொழிலாளியின் வீட்டுக்குள் புகுந்தது.

அதற்கு வழி வி.பி.என். பலருக்கு மடிக்கணினியில் மென்பொருள். சில இடங்களில் ரூட்டர் என்ற சிறு பெட்டி. பொது இணையத்தின் நடுவே அது தனிச் சுரங்கம் தோண்டும். செய்தியைச் சங்கேதமாக்கி அனுப்பும். நல்ல கருவிதான், நாம் மறுக்கவில்லை.

ஆனால் சுரங்கத்தின் மறுவாய் முதலாளியின் கையில்! எல்லாப் போக்குவரத்தும் அவ்வழியே என்று அமைத்துவிட்டால், அப்பெட்டியில் இணைந்த பிள்ளையின் கைபேசி எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதும் அங்கே தெரியும். தொழிலாளி எப்போது இணைந்தான், எப்போது விலகினான் என்பதும் பதிவாகும். பழைய மஸ்டர் ரோல்தான் இது, வேறென்ன? தாமதத்துக்கு இதைக் காட்டி மிரட்டுகிறவர்கள், நள்ளிரவு வரை உழைத்ததற்குக் கூலி கேட்டால் இதே ஏட்டை நீட்டுவார்களா?

மின் கட்டணம் யார் தலையில்? போர்த்துகல் 2021-ல் சட்டமே செய்தது: வீட்டு வேலையால் கூடும் மின்சார, இணையச் செலவு முதலாளியுடையது, ஓய்வு நேரத்தில் தொழிலாளியை அழைக்கக் கூடாது.

பதிவேட்டின் நகல், மின்செலவு, குடும்பத்துக்குத் தொடாத தனி இணைப்பு: இம்மூன்றையும் சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே மேசைமேல் வைக்கட்டும்.