உறுமலை அடக்க எர்த்தை வெட்டாதீர்கள்

கோவில் வீதியில் மேடை போட்டு, மெல்லிசைக் குழு வாத்தியங்களை இணைக்கும்போது முதலில் கேட்பது பெரும்பாலும் பாட்டு அல்ல. ஒலிபெருக்கியிலிருந்து வரும் உறுமல்தான். பேஸ் கிற்றாரைச் செருகியதும் அது இன்னும் பெரிதாகும். அதை அடக்க மேடைத் தொழிலில் உலகெங்கும் தெரிந்த குறுக்குவழி ஒன்றுண்டு. அம்பிளிபயரின் மூன்று முள் பிளக்கைத் திறந்து, எர்த் வயரைக் கழற்றிவிடுவார்கள். உறுமல் பல வேளைகளில் நின்றும் விடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்த மேடையிலும் இந்த வழக்கத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது. அதற்கான காரணங்கள் அந்த வாத்தியத்துக்குள்ளும் நம் காலடி மண்ணிலும் இருக்கின்றன.

உறுமல் மற்ற வாத்தியங்களை விட பேஸ் கிற்றாரையே ஏன் அதிகம் கெடுக்கிறது? இலங்கையின் மின்சாரம் நொடிக்கு 50 முழுச் சுற்றுகள் முன்னும் பின்னும் அலைகிறது. அதனால் வரும் உறுமலும் 50 ஹேர்ட்ஸிலும் அதன் இருமடங்கான 100 ஹேர்ட்ஸிலும் ஒலிக்கிறது. நான்கு கம்பிப் பேஸின் தடித்த கம்பி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது, அடுத்தது 55 ஹேர்ட்ஸில், மெல்லிய கம்பி 98 ஹேர்ட்ஸில். ஆகவே உறுமல் இந்த வாத்தியத்தின் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. மிக்ஸரில் கீழ்ச்சுரங்களை வெட்டினால் உறுமலோடு வாத்தியமும் போய்விடும். நம் மேடைகளில் இன்றும் அதிகம் கேட்கும் இளையராஜா பாடல்களில் சசிதரனின் பேஸ் எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்பதைச் செவியுள்ள எவரும் அறிவர். அதை வெட்டிவிட்டுப் பாடுவது நடுவளை இல்லாமல் கூரை வேய்வது போன்றது. இரைச்சலை மறைக்கும் நொய்ஸ் கேற் கருவியும் வாசிக்காத இடைவெளியில்தான் உதவும். கம்பி அதிரத் தொடங்கியதும் கதவு திறக்க, உறுமலும் கூடவே வெளியே வரும்.

எனவே மறைப்பதற்கு முன் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். காதும் கையும் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கிற்றாரின் ஒலிக் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பியும் இரைச்சல் அப்படியே நின்றால், பிழை கேபிளிலோ அம்பிளிபயரிலோ மின்னிணைப்பிலோ இருக்கிறது. குமிழோடு சேர்ந்து அடங்கினால் கிற்றாரைப் பார்க்க வேண்டும். வாசிப்பவர் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும்போது உறுமல் ஏறி இறங்கினால், அருகிலுள்ள மின்மாற்றியின் காந்தப்புலத்தை, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப் வாங்குகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் பிறவிக் குணம் இது. 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருளே இருந்தது. 1957இல் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் உறுமலை மற்றது அழிக்கும்படி மாற்றினார்கள். இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகையில் இரண்டையும் சம அளவில் திறந்தாலே பெரும்பகுதி அடங்கிவிடும்.

கரகரவென்ற இரைச்சல் வேறு வகை. மேடை விளக்குகளின் டிம்மரும் மலிவான எல்ஈடி விளக்குகளின் மின்வழங்கியும் அதைக் கிளப்புகின்றன. கம்பிகளைத் தொட்டதும் அது குறைந்தால் எர்த் தொடர்பு இருக்கிறது, கிற்றாரின் உட்குழிவின் கவசம்தான் போதவில்லை. செப்புத் தாள் நாடாவை உள்ளே ஒட்டி, எர்த்தோடு ஈயம் வைத்தால் பெரிதும் தணியும். தொட்டும் மாறாவிட்டால், கம்பிகள் பூட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் போகும் வயர் அறுந்திருக்கலாம். தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரு வயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வானொலிப் பெட்டி திருத்தும் எவருக்கும் இவை கைவந்த வேலை. மின்சாரமே இல்லாத 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர் இது. இங்கே அந்தக் கைத்திறனுக்குப் பஞ்சம் இருக்க முடியாது.

அந்தப் பிரிட்ஜ் வயரில்தான் விடயத்தின் உயிர் இருக்கிறது. அதன் வழியே கம்பிகளும், கம்பியைத் தொடும் விரல்களும், அம்பிளிபயரின் உலோக உடலும் ஒன்றாக இணைகின்றன. அம்பிளிபயருக்குள் பிழை நேர்ந்து 230 வோல்ற் அதன் உடலுக்கு வந்தால், எர்த் வயர் இருக்கும்போது மின்சாரம் அதன் வழியே இறங்கும், ட்ரிப் சுவிச்சும் விழும். எர்த் வயர் கழற்றப்பட்டிருந்தால் அது கம்பிகளில் காத்திருக்கும். வாசிப்பவர் பாடுவதற்காக உதட்டை மைக்கில் வைக்கும் கணத்தில், மைக் வேறொரு எர்த்தோடு இணைந்திருந்தால், மின்சாரம் அவர் நெஞ்சைக் கடந்து போகும். 1972இல் வேல்ஸின் சுவான்சி நகர மேடையில் ஸ்கொட்லாந்துக் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதும் மின் தாக்கி இறந்தார்.

“எர்த்தைக் கழற்றினால் உறுமல் நிற்கிறதே, அப்படியென்றால் எர்த்தில்தானே பிழை?” என்று கேட்பவர்களின் கவனிப்பு சரி, முடிவுதான் தவறு. மேடையில் அம்பிளிபயர் ஓர் இணைப்பிலும், வீதியின் மறுமுனையில் மிக்ஸர் இன்னோர் இணைப்பிலும் இருக்கும்போது, இரண்டு எர்த்துகளுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு தோன்றும். அது ஒலிக் கேபிளின் கவச வயர் வழியே ஓடி உறுமலாகிறது. இந்த வளையத்தை ஒலிக் கேபிளின் பக்கத்தில் உடைக்க வேண்டும், மின் கேபிளின் பக்கத்தில் ஒருபோதும் கூடாது. உள்ளே தனிமைப்படுத்தும் மின்மாற்றி கொண்ட டிஐ பெட்டி அதற்கென்றே இருக்கிறது. மேடைக்கும் மிக்ஸருக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தால் வளையமே சிறுத்துவிடும்.

குடாநாட்டுக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. நல்லூரின் 25 நாள் மகோற்சவம் உட்படப் பல பெருவிழாக்கள் ஆடி, ஆவணியில், சோளகம் வீசும் வறண்ட காலத்தில் வருகின்றன. வலிகாமத்தில் மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல், வடமராட்சிக் கரையில் மணல். காய்ந்த மணலும் கல்லும் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. அவசரத்தில் ஒரு முழம் அடித்த எர்த் கம்பி பெயருக்குத்தான் எர்த்தாக இருக்கும். ஜெனரேற்றரில் நடக்கும் மேடையில் அதன் நியூட்ரலை எர்த்தோடு முறைப்படி இணைக்காவிட்டால், ட்ரிப் சுவிச் விழவேண்டிய நேரத்தில் விழாமலும் போகலாம். “இத்தனை வருசமாக ஒன்றும் நடக்கவில்லை” என்பதை இங்கே ஆதாரமாக எடுக்க முடியாது. எர்த் இல்லாத அம்பிளிபயர், பிழை ஒன்று ஏற்படும் நாள்வரை நன்றாகத்தான் பாடும்.

செலவைப் பற்றிய தயக்கம் நியாயமானது. சிறிய குழுக்களின் கையில் பணமில்லை, ஒலி ஒளி அமைப்பாளர்களுக்கும் போட்டி கடுமை. அதனால்தான் இந்தச் சுமையைக் கலைஞரின் தலையில் மட்டும் வைக்கக்கூடாது. கச்சேரியைப் பொறுப்பேற்கும் உபயகாரரும் கோவில் நிர்வாகமும், எத்தனை பெட்டி, எத்தனை விளக்கு என்று பேசும்போதே, தகுதியுள்ள மின் தொழிலாளி அளந்து பார்த்த எர்த், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச், பேஸுக்கு ஒரு டிஐ பெட்டி ஆகியவற்றையும் கேட்டு, அதற்கான பணத்தையும் கொடுக்க வேண்டும். சோடனை விளக்குகளுக்கு ஆகும் செலவில் இது சிறு பங்கு. மின் தொழிலாளி மாலைப் பூசை மணிக்கு முன்னரே வந்து, மண் காய்ந்திருந்தால் எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, மறுபடி அளந்து, சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகு வாத்தியங்களை மேடையேற்றட்டும்.